பஸ் ஸ்டிரைக்: வலி யாருக்கு, நஷ்டம் யாருக்கு?

பஸ், ரயில் ஓட்டுறவங்க சம்பளம் கூட்டித் தரச் சொல்லி ஸ்டிரைக்னு அறிவிச்சா போதும், உடனே ரெண்டு கோஷ்டி கெளம்பிடும். "வாங்குற சம்பளத்துக்கே ஒழுங்கா வண்டி ஓட்டறதில்ல, இதுல ஸ்டிரைக் வேறயா"ன்னு ஒரு கோஷ்டி. போராட்டம்னாலே நியாயம், கேள்வியே கேக்கக்கூடாதுன்னு இன்னொரு கோஷ்டி. நான் பஸ்ஸ நம்பியே வேலைக்குப் போய் வர ஆளு, சொந்த வண்டி கிடையாது, ஸ்டிரைக்னா முதல் அடி என் மாதிரி ஆளுங்களுக்குத்தான். அப்படி இருந்தும் அவங்க ஸ்டிரைக் பண்ணலாம், சில சமயம் பண்ணித்தான் ஆகணும்னு நெனைக்கிறேன். ஆனா ஒரு ஃபேக்டரில பண்ற ஸ்டிரைக்கும் பஸ்ல பண்ற ஸ்டிரைக்கும் ஒன்னு இல்ல, அந்த வித்தியாசத்த யூனியனும் யோசிக்கறதில்ல, அரசாங்கமும் யோசிக்கறதில்ல, அதுதான் இத எழுத வைக்குது.

முதல்ல அந்த வேலை எப்படிப்பட்டதுன்னு பாத்துடலாம். முன் சீட்ல உக்காந்து போறப்ப கவனிச்சிருப்பீங்க, கடைசி ஸ்டாப்ல வண்டி நின்னு எல்லாரும் எறங்கின உடனே டிரைவர் குதிச்சு டைம் கீப்பர் ரூமுக்கு ஓடுவாரு, கையெழுத்து போட்டுட்டு திரும்பி வரதுக்குள்ள அடுத்த ட்ரிப்புக்கு ஆளுங்க ஏறி உக்காந்து "என்னண்ணே எப்ப எடுப்பீங்க"ன்னு கேக்க ஆரம்பிச்சிடறாங்க. அட்டவணைல நடுவுல பத்து நிமிஷம் ரெஸ்ட்னு எழுதியிருக்கும், டிராஃபிக்ல வண்டி லேட்டா வந்தா அந்த பத்து நிமிஷத்த டிராஃபிக் தின்னுடும், ஆனா அடுத்த ட்ரிப் லேட்டா கெளம்பினா மெமோ மட்டும் டிரைவர் பேர்லதான் வரும். பாத்ரூம் போக நேரம் இருக்காது, சில எடத்துல பாத்ரூமே இருக்காது, அதனால தண்ணி குடிக்கறதையே கொறைச்சுக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க, பெண் டிரைவர் கண்டக்டர்னா இந்தக் கஷ்டம் இன்னும் மோசம். அப்புறம் இந்த ஸ்ப்ளிட் டியூட்டி. காலைல கூட்ட நேரத்துக்கு நாலு மணி நேரம், சாயங்காலம் கூட்ட நேரத்துக்கு நாலு மணி நேரம், நடுவுல இருக்கற நேரத்துக்கு பல எடத்துல சம்பளம் கிடையாது, வீட்டுக்குப் போய்ட்டு வரவும் முடியாது, டிப்போலயே பெஞ்ச்ல படுத்துக் கெடக்கணும். பேப்பர்ல எட்டு மணி நேர வேலை, நெஜத்துல வீட்ட விட்டு வெளிய இருக்கறது பதிமூணு பதினாலு மணி நேரம்.

இந்த வேலை ஒடம்ப என்ன பண்ணும்னு ரொம்ப முன்னாடியே ஆராய்ச்சி பண்ணிட்டாங்க. ஜெரி மோரிஸ்னு ஒரு பிரிட்டிஷ் டாக்டர், 1953ல லான்செட் பத்திரிகைல அவரும் கூட இருந்தவங்களும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. லண்டன் டபுள் டெக்கர் பஸ்ல டிரைவருக்கும் கண்டக்டருக்கும் வர்ற இதய நோயக் கணக்கெடுத்தாங்க. நாள் பூரா படி ஏறி எறங்கி டிக்கெட் குடுக்கற கண்டக்டரை விட ஒரே எடத்துல உக்காந்திருக்கற டிரைவருக்குத்தான் இதய நோய் அதிகம்னு தெரிஞ்சுது. உடற்பயிற்சி இதயத்துக்கு நல்லதுன்னு இன்னைக்கு எல்லா டாக்டரும் சொல்றாங்களே, அந்தப் பேச்சுக்கு அடித்தளம் போட்ட ஆய்வுகள்ல இது ஒன்னு. உலகத்துக்கே பாடம் சொல்லிக் குடுத்த அந்த சீட்லதான் டிரைவர்ங்க இன்னும் உக்காந்திருக்காங்க.

சரி, கஷ்டமான வேலை நிறைய இருக்கே, இவங்களுக்கு மட்டும் ஏன் சம்பளம் கூட்டணும்னு கேக்கலாம், நியாயமான கேள்விதான். எனக்கு தெரிஞ்ச பதில் என்னன்னா, அடிப்படை சம்பளம் கம்மியா இருந்தா டிரைவர் ஓவர்டைம்ல தான் குடும்பத்த ஓட்டுவாரு. நிர்வாகத்துக்கும் அது சௌகரியம், புது ஆளை எடுத்து பென்ஷன், லீவுன்னு எல்லாம் குடுக்கறத விட இருக்கற ஆளையே ரெண்டு டியூட்டி பாக்க வைக்கறது செலவு கம்மி. ரெண்டு பக்கமும் சம்மதிச்சு நடக்கற ஏற்பாடு மாதிரி தெரியும், ஆனா பின்னாடி உக்காந்திருக்கற அறுபது பேர்கிட்ட யாரும் சம்மதம் கேக்கல. தூக்கமில்லாத டிரைவர் கைல வண்டி இருக்குன்னா அது அவரோட பிரச்சினை மட்டும் இல்ல. 2016 நவம்பர்ல தெற்கு லண்டன் குராய்டன்ல ஒரு டிராம் வளைவுல வேகமாப் போய் கவுந்து 7 பேர் செத்தாங்க, டிரைவர் கொஞ்ச நேரம் கவனம் இழந்திருக்கலாம், ஒரு நொடித் தூக்கம் கூட காரணமா இருக்கலாம்னு விசாரணைல சொன்னாங்க. அந்த விபத்துக்கு சம்பளம் காரணம்னு நான் சொல்லல. ஸ்டியரிங்க புடிச்சிருக்கற ஆள் ஒரு சில நொடி கண்ண மூடினா என்ன ஆகும்னு காட்டத்தான் சொல்றேன்.

இன்னொரு விஷயம், இத பொருளாதாரம் படிச்சவங்க நல்லா சொல்வாங்க. ஃபேக்டரில மெஷின் மாத்தினா ஒரு ஆள் பத்து ஆள் வேலை பாக்கலாம், அதனால சம்பளம் ஏறினாலும் முதலாளிக்கு கட்டுப்படியாகும். பஸ்ல அது நடக்காது, ஐம்பது வருஷம் முன்னாடியும் ஒரு பஸ்ஸுக்கு ஒரு டிரைவர்தான், இன்னைக்கும் ஒரு பஸ்ஸுக்கு ஒரு டிரைவர்தான். அப்படின்னா மத்த துறைல சம்பளம் ஏற ஏற இவங்களுக்கும் ஏத்தித்தான் ஆகணும், இல்லன்னா லாரி ஓட்டவும் டெலிவரி வேலைக்கும் ஆள் போயிடும். வில்லியம் பாமோல்ங்கற பொருளாதார அறிஞர் 1960கள்லயே இத விளக்கிட்டாரு. போக்குவரத்துக் கழகம் ஒவ்வொரு தடவையும் "சம்பளச் செலவு ஏறிப்போச்சு"ன்னு புலம்பறப்ப ஏதோ யூனியன் கொள்ளையடிச்ச மாதிரி பேசுவாங்க, ஆனா அது இந்தத் தொழிலோட அமைப்பு, திறமையான நிர்வாகம் வந்தாலும் அந்தச் செலவு ஏறத்தான் செய்யும்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன். துணி மில்லுல ஸ்டிரைக் பண்ணா மில் நிக்கும், சரக்கு போகாது, முதலாளிக்கு தினம் நஷ்டம், அந்த நஷ்டம் தாங்காம அவன் பேச்சுவார்த்தைக்கு வருவான். ஸ்டிரைக்குங்கற ஆயுதமே அப்படி உருவானதுதான். பஸ்ல என்ன நடக்குது? பெரும்பாலான ஊர்ல டிக்கெட் காசுல செலவு முழுசா அடையறதில்ல, மிச்சத்த அரசு மானியம் தான் தூக்கி நிறுத்துது. வண்டி ஓடலன்னா கலெக்ஷன் போகும், சரி, ஆனா டீசல் மிச்சம், சம்பளம் மிச்சம், டயர் தேய்மானம் மிச்சம். சில சமயம் வண்டி ஓடாத நாள்ல நிர்வாகத்துக்கு செலவு கொறையக்கூட வாய்ப்பு இருக்கு. லக்சம்பர்க்ல 2020லேர்ந்து நாடு பூரா பஸ், டிராம், ரயில் இலவசம், ரயில்ல முதல் வகுப்புக்கு மட்டும்தான் காசு. அங்க ஸ்டிரைக் நடந்தா அரசுக்கு டிக்கெட் வருமான நஷ்டம்னு சொல்ல அநேகமா ஒன்னுமே இருக்காது.

அப்ப வலி யாருக்கு? காலைல ஆறு மணி ஷிப்டுக்குப் போற ஆஸ்பத்திரி ஆயாம்மாவுக்கு, ஒரு நாள் வரலன்னா அன்னைக்கு கூலி இல்லங்கற வீட்டு வேலை செய்யற அக்காவுக்கு, டயாலிசிஸ் போகவேண்டிய பெரியவருக்கு. கார் வச்சிருக்கறவர் கொஞ்சம் டிராஃபிக்ல திட்டிக்கிட்டே போய் சேந்துடுவாரு. மந்திரிக்கும் அதிகாரிக்கும் ஒன்னும் ஆகாது. அடிக்கறது ஒருத்தர, அடி விழறது வேற ஒருத்தர் மேல. நெஞ்ச உறுத்தற விஷயம் எனக்கு இதுதான், ஏன்னா அந்த டிரைவரும் அந்த ஆயாம்மாவும் ஒரே தெருவுல குடியிருக்கறவங்க.

அதனால பஸ் ஸ்டிரைக் ஜெயிக்கறது காசு நஷ்டத்தால இல்ல, அரசியல் நெருக்கடியால. மக்கள் கோவம் நிர்வாகம் மேல திரும்பினா யூனியன் ஜெயிக்கும், யூனியன் மேல திரும்பினா தோக்கும். பழைய ஸ்டிரைக்குகள எடுத்துப் பாத்தா இது தெளிவா தெரியுது.

நியூயார்க்ல 1966 ஜனவரி 1ந்தேதி சப்வேங்கற பாதாள ரயில், பஸ் ரெண்டும் ஸ்டிரைக்ல நின்னுச்சு, பன்னெண்டு நாள். யூனியன் தலைவர் மைக் குவில் கோர்ட் உத்தரவ மீறினதுக்கு ஜெயிலுக்குப் போனாரு, அங்கயே நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனாங்க, நல்ல ஒப்பந்தம் கெடச்சுது, ஆனா அந்த மாசம் முடியறதுக்குள்ள மனுஷன் செத்துட்டாரு. அதுக்கு அடுத்த வருஷம் டெய்லர் சட்டம்னு ஒன்னு வந்துச்சு, நியூயார்க் மாநிலத்துல அரசு ஊழியர் ஸ்டிரைக் பண்ணக்கூடாதுன்னு. அந்தச் சட்டம் இருந்தும் 2005 டிசம்பர் 20ந்தேதி மறுபடி ஸ்டிரைக், மூணு நாளுக்குள்ள முடிஞ்சுது. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வாரம், கடுங்குளிர், ஜனங்க புரூக்ளின் பாலத்து மேல நடந்தே வேலைக்குப் போனாங்க. சண்டை எதுக்குன்னு பாருங்க, புதுசா சேரப்போறவங்க பென்ஷனுக்கு சம்பளத்துலேர்ந்து 6 சதவீதம் கட்டணும்னு நிர்வாகம் சொன்னது, இருக்கறவங்க கட்டினது 2 சதவீதம். அதாவது இன்னும் வேலைக்கே சேராத ஆளுங்களுக்காக இருக்கறவங்க தெருவுக்கு வந்தாங்க. அந்த வருஷம் நிர்வாகத்து கைல சுமார் 100 கோடி டாலர் உபரி வேற இருந்துச்சு. ஸ்டிரைக் பண்ண ஒவ்வொரு நாளுக்கும் ரெண்டு நாள் சம்பளம் போச்சு, யூனியனுக்கு 25 லட்சம் டாலர் அபராதம், தலைவர் ரோஜர் டூசைன்ட்டுக்கு பத்து நாள் ஜெயில் தண்டனை. அந்த 6 சதவீதம் கைவிடப்பட்டுச்சு, பதிலுக்கு மருத்துவக் காப்பீட்டுக்கு சம்பளத்துல 1.5 சதவீதம் கட்டச் சொன்னாங்க, அந்த ஒப்பந்தத்த தொழிலாளர்கள் ஓட்டெடுப்புல 7 ஓட்டு வித்தியாசத்துல நிராகரிச்சாங்க, இருபதாயிரத்துக்கு மேல ஓட்டு விழுந்து ஏழே ஓட்டு வித்தியாசம்! கடைசில 2006 முடியறப்ப நடுவர் குழுதான் தீர்ப்பு சொல்லி முடிச்சு வச்சுது. அந்த நடுவர் குழுவ முதல்லயே உக்கார வச்சிருந்தா குளிர்ல யாரும் பாலத்த நடந்து கடந்திருக்க வேண்டாமே.

நம்ம நாட்டுப் பக்கம் தெலங்கானா. 2019 அக்டோபர் 5 ஆரம்பிச்சு 52 நாள், சுமார் 48 ஆயிரம் தொழிலாளர்கள் ஸ்டிரைக், போக்குவரத்துக் கழகத்த அரசோட இணைக்கணும், சம்பளத்த திருத்தணும்னு. முதலமைச்சர் சந்திரசேகர ராவ் கெடுவுக்குள்ள வராதவங்க தாங்களா வேலைய விட்டுப் போயிட்டதா அர்த்தம்னு சொல்லிட்டாரு. செப்டம்பர் மாசம் வேலை பாத்த சம்பளம் கூட குடுக்கல. கம்மம்ங்கற ஊர்ல ஒரு டிரைவர் தீக்குளிச்சு செத்தாரு. கடைசில கோரிக்கை எதுவும் கைக்கு வராமலே திரும்ப வேலைக்குப் போனாங்க. அதே அரசு 2023ல தேர்தல் வரப்போற நேரத்துல அவங்கள அரசு ஊழியரா எடுத்துக்கற மசோதாவ நிறைவேத்துச்சு. அப்ப முடிஞ்சது 2019ல ஏன் முடியாமப் போச்சு? இந்தக் கேள்விக்கு யாராவது பதில் சொன்னா தேவல, தீக்குளிச்சவர் குடும்பத்துக்காவது சொல்லணும்.

ஸ்டிரைக் நேரத்துல தற்காலிக ஆளுங்கள வச்சு ஓட்டறது இருக்கே, அது எனக்கு பயங்கர பயம். 2013 அக்டோபர்ல அமெரிக்காவுல சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் ஓடற பார்ட் (BART)ங்கற நகர ரயில்ல ஸ்டிரைக், அப்ப ஒரு ரயில பயிற்சில இருந்த ஆள் ஓட்டிட்டு வந்தப்ப தண்டவாளத்துல வேலை பாத்துக்கிட்டிருந்த ரெண்டு பேர் அடிபட்டு செத்தாங்க. "நாங்க ஸ்டிரைக்க முறியடிச்சிட்டோம், இத்தன சதவீதம் வண்டி ஓடுது"ன்னு பெருமையா அறிக்கை விடற அதிகாரிங்க, அந்த வண்டிய யார் ஓட்டறாங்கன்னும் அதே அறிக்கைல சொல்லணும்.

பஸ்ல ஏறாதவங்களுக்கும் ஒன்னு. லாஸ் ஏஞ்சலஸ்ல 2003ல மெக்கானிக்குங்க ஸ்டிரைக் பண்ணி, மத்தவங்களும் வேலைக்கு வராம, பஸ்ஸும் ரயிலும் 35 நாள் நின்னுச்சு. கார் ஊருன்னு பேர் எடுத்த ஊரு, பஸ்ல போறவங்க கம்மி, ஒன்னும் ஆகாதுன்னுதான் தோணும். மைக்கேல் ஆண்டர்சன்னு ஒரு பொருளாதார ஆய்வாளர் கணக்குப் போட்டுப் பாத்தாரு, நெடுஞ்சாலைல வண்டிங்க சிக்கித் தாமதமாகறது சராசரியா 47 சதவீதம் கூடிப்போச்சு. கார்ல போறவர் அனுபவிக்கற காலி ரோட்டுலயும் டிரைவரோட உழைப்பு இருக்கு, அதுக்கு அவர் ஒரு டிக்கெட்டும் எடுக்கறதில்ல. அதனால சம்பள உயர்வுக்கு டிக்கெட் விலைய ஏத்தித்தான் ஆகணும்ங்கற பேச்ச நான் ஒத்துக்கமாட்டேன். பலன் எல்லாருக்கும் போகுது, செலவ மட்டும் ஏழைப் பயணி தலைல கட்டறது என்ன நியாயம்? நிர்வாகம் வேணும்னே "சம்பளம் ஏத்தினா டிக்கெட் ஏறும்"னு சொல்றதுக்கு காரணமே பயணியும் தொழிலாளியும் மொறைச்சுக்கணும்ங்கறதுதான்.

அப்ப ஸ்டிரைக்கையே சட்டம் போட்டு தடை பண்ணிட்டா? அத்தியாவசிய சேவைன்னு ஒரு முத்திரை குத்திடுவாங்க. சர்வதேச தொழிலாளர் அமைப்போட குழு சொல்றபடி பாத்தா உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆரோக்கியத்துக்கோ ஆபத்து வர்ற சேவைதான் கண்டிப்பான அர்த்தத்துல அத்தியாவசியம், பொதுப் போக்குவரத்து அதுல வராது, குறைஞ்சபட்ச சேவை மட்டும் கேக்கலாம். இந்தியாவுல 2003ல உச்ச நீதிமன்றம் அரசு ஊழியருக்கு ஸ்டிரைக் பண்ண அடிப்படை உரிமை இல்லன்னு தீர்ப்பு சொல்லியிருக்கு. கனடாவுல நேர் எதிர், டொரோன்டோ போக்குவரத்துல 2011ல ஸ்டிரைக்க தடை பண்ண சட்டத்த 2023ல கோர்ட் அரசியல் சாசனத்துக்கு விரோதம்னு அடிச்சிடுச்சு. என் கருத்து என்னன்னா, பஸ் அவ்வளவு அத்தியாவசியம்னா அத ஓட்டறவர் சம்பளமும் அவ்வளவு அத்தியாவசியம் தானே? ஸ்டிரைக் அன்னைக்கு மட்டும் அத்தியாவசியம், ஒப்பந்தம் காலாவதியாகி மாசக்கணக்கா பேச்சுவார்த்தைக்கு கூப்பிடாதப்ப அத்தியாவசியம் இல்லையா?

ஸ்டிரைக்க கொஞ்சம் மனிதாபிமானமா நடத்த வழி இருக்கு, சில நாடுகள்ல செஞ்சும் காட்டியிருக்காங்க. இத்தாலில 1990லேர்ந்து ஒரு சட்டம், ஸ்டிரைக்னா முன்கூட்டியே அறிவிக்கணும், காலைலயும் சாயங்காலமும் வேலைக்குப் போய்வர நேரத்துல வண்டி கண்டிப்பா ஓடணும், மத்த நேரத்துல நிறுத்திக்கலாம். ஆயாம்மா ஷிப்டுக்குப் போயிடுவாங்க, அட்டவணை குழம்பினதால நிர்வாகத்துக்கு தலைவலியும் இருக்கும். பிரான்ஸ்ல 2007 சட்டப்படி ஸ்டிரைக்ல கலந்துக்கறவங்க 48 மணி நேரம் முன்னாடி தனித்தனியா சொல்லணும், அப்பத்தான் எத்தன வண்டி ஓடும்னு பயணிகளுக்கு முன்னாடியே சொல்ல முடியும்.

எனக்கு ரொம்பப் புடிச்சது ஜப்பான் ஒகயாமா. 2018ல அங்க ரியோபி பஸ் டிரைவருங்க வண்டிய நிறுத்தல, வழக்கம் போல ஓட்டினாங்க, ஆனா காசு போடற பெட்டிய துணி போட்டு மூடிட்டாங்க, யார்கிட்டயும் காசு வாங்கல. அது சம்பளத்துக்கு இல்ல, போட்டிக் கம்பெனி வர்றதால வேலை போயிடுமோங்கற பயத்துல பண்ணது. ஆனா வழி எவ்வளவு அழகு பாருங்க, பயணி இலவசமா போறாரு, டிரைவர பாத்து கும்பிடறாரு, நஷ்டம் நேரா யார் தலைல விழணுமோ அங்க விழுது. சிக்கல் என்னன்னா நிறைய நாட்டுல இதுக்கு சட்டப் பாதுகாப்பு இல்ல, வண்டிய நிறுத்தினா அது ஸ்டிரைக், வண்டிய ஓட்டி காசு வாங்கலன்னா அது நிர்வாகத்துக்கு நஷ்டம் பண்ண ஒழுங்கீனம், டிஸ்மிஸ் பண்ணலாம். ஏழைங்கள தவிக்க விடற முறைக்கு சட்டம் இடம் குடுக்குது, அவங்கள கொண்டு போய் சேக்கற முறைக்கு இடம் குடுக்க மாட்டேங்குது. தொழிலாளர் சட்டத்துல ஒரே ஒரு திருத்தம் கேளுன்னு என்கிட்ட சொன்னா நான் இதத்தான் கேப்பேன்.

யூனியன்காரங்ககிட்டயும் எனக்கு வருத்தம் உண்டு. பேச்சுவார்த்தை மாசக்கணக்கா இழுக்கறப்ப பயணிகள்கிட்ட ஒரு நோட்டீஸ் கூட குடுக்கறதில்ல, ஸ்டிரைக்குக்கு முந்தின நாள் ராத்திரி தான் டிவில நமக்கு தெரியுது. ஒவ்வொரு பஸ்லயும் ஒரு தாள் ஒட்டலாமே, எங்க ஒப்பந்தம் முடிஞ்சு இத்தன மாசம் ஆச்சு, நாங்க கேட்டது இது, அவங்க சொன்னது இது, இந்த தேதி வரைக்கும் பாப்போம்னு. கோரிக்கைல சம்பளத்தோட கூட டெர்மினஸ்ல பாத்ரூம், உடைஞ்ச சீட், ராத்திரி கடைசி பஸ்ஸ நிறுத்தாதேன்னும் சேருங்க, அப்ப அது எங்க கோரிக்கையும் ஆயிடும். பரீட்சை நடக்கற நாள், பண்டிகைக்கு ஊருக்குப் போற நாளா பாத்து ஸ்டிரைக் வைக்காதீங்க, நெருக்கடி ஏறும்னு நெனைச்சு வைக்கறீங்க, ஏறற கோவம் உங்க மேலதான் ஏறுது.

அரசுகிட்ட நான் கேக்கறது ரெண்டே விஷயம். ஒப்பந்தம் முடியறதுக்கு ஆறு மாசம் முன்னாடி பேச்ச ஆரம்பிக்கணும்னு சட்டத்துல எழுதுங்க, முடிவு வரலன்னா ரெண்டு பக்கமும் கட்டுப்படற நடுவர் குழுவுக்கு போகணும், அது மூணு மாசத்துல தீர்ப்பு சொல்லணும், தீர்ப்பு வந்ததும் அரியரோட சம்பளம் போடணும். இது நடக்கற ஊர்ல யூனியன் ஸ்டிரைக்னு அறிவிச்சா அவங்ககிட்ட போய் ஏன்னு கேக்க எனக்கு உரிமை இருக்கு. நடக்காத ஊர்ல அவங்க வண்டிய நிறுத்தினா நான் நடந்தே வேலைக்குப் போவேன், ஆனா திட்டறது டிரைவர இல்ல, அத்தன மாசம் அவங்கள பேச்சுக்கு கூப்பிடாத ஆபீஸ.